எல்லாருக்கும் உரிய அய்யா

சாமிதோப்புத் தலைமைப்பதிக்கும் நமக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஜவ்வாது மலையடிவாரத்தில், திருப்பத்தூர்ப் பக்கம் பிழைப்புக்கு வந்து குடியமர்ந்த நாம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டில் கூடி விளக்கேற்றிப் படிப்பு படித்து, பணிவிடை முடித்துக் கலைவது வழக்கம். அப்படி ஒரு நாள், மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டுவந்து சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர், படிப்புச் சத்தம் கேட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னோம். செருப்பைத் தெருவோரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு, படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, இது எந்தச் சாதியார் கும்பிடும் சாமி, நான் உள்ளே வரலாமா என்று கேட்டார்.

நம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோயில் வாசலில் நின்று அப்படிக் கேட்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்ததில்லை. ஆனால் அவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன் அதே கேள்வியைக் கேட்டவர்தான். அவருக்குக் கிடைத்த பதில் வேறு. அந்த மலைப் பெரியவருக்குக் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அய்யாவின் திருவரலாறு தெரிந்தவர்களும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. அங்கே பூவண்டன்தோப்பு என்ற ஊர். இன்று நாம் சாமிதோப்பு என்று சொல்வது அதைத்தான். 1809ஆம் ஆண்டு, பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று ஆசையாய்ப் பெயர் வைத்தார்கள். பனையேறும் குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதியார் முகம் சுளித்தார்கள். பெற்றவர்கள் பெயரை மாற்றி முத்துக்குட்டி என்று அழைத்தார்கள். பச்சைக் குழந்தைக்குப் பெயர் வைக்கக்கூட அடுத்தவன் சம்மதம் வேண்டியிருந்த காலம் அது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலிய உழைக்கும் மக்கள் உயர்சாதியார் முன் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. ஆண்கள் தலையில் துணி கட்டக்கூடாது. கட்டியிருந்தால் மேலோரைக் கண்டதும் அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெண்கள் மார்பை மறைத்துத் தோளில் சீலை போடக்கூடாது. குடத்தை இடுப்பில் வைத்து எடுக்கக்கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது, மாடிவீடு கூடாது. ஏறும் பனைக்கு வரி. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்யும் ஊழியம் வேறு. ஆக, கோயில் திருவிழாவுக்கு ஓலையும் விறகும் சுமந்து கொடுத்தவன் கோயிலுக்குள் போக முடியாது. சாமியைப் பார்க்க வேண்டுமென்றால் தேர் வெளியே வரும் நாளில் தூரத்தில் நின்று பார்க்கலாம், அதுவும் தெருவில் நடக்க விட்டால்.

முத்துக்குட்டி சிறு வயதிலேயே விஷ்ணு பக்தி உடையவராக இருந்தார். கோயிலில் இடம் இல்லாததால் வீட்டிலேயே ஒரு பீடம் அமைத்து வணங்கினார். பருவம் வந்தபோது திருமாலம்மாளோடு இல்லறம் நடத்தினார். பனைத்தொழிலும் வயல்வேலையும் செய்து வாழ்ந்தார். இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் கடுமையான நோய் வந்து படுத்த படுக்கையானார். எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு மகனைக் கொண்டுபோனால் குணமாகும் என்று வெயிலாள் அம்மைக்குக் கனவில் அறிவிக்கப்பட்டதாக நம் மரபு சொல்லும். உறவினர்கள் அவரைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு கடலோரமாகவே நடந்தார்கள்.

திருச்செந்தூரில் கோயில் இருக்கிறது, கடலும் இருக்கிறது. கோயிலுக்குள் அவரால் போக முடியாது. அவர் பிறந்த குலத்துக்கு அந்த வாசல் அடைத்திருந்தது. நடக்கவே முடியாதிருந்தவர் திடீரென்று எழுந்து கடலை நோக்கி நடந்தார், அலைக்குள் மறைந்தார். தேடிப் பார்த்துக் கிடைக்காமல் சொந்தபந்தம் கலைந்து போயிற்று. தாய் மட்டும் கரையில் காத்திருந்தாள். மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, ஆங்கிலக் கணக்கில் 1833 மார்ச் மாதத் தொடக்கம், நாராயணர் அருளிய வைகுண்டராக அய்யா கடலிலிருந்து எழுந்து வந்தார். ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போன தாயிடம், இனி தாம் அவளுக்கு மட்டும் மகன் அல்ல என்பதைத் தெரிவித்தார். அந்தத் தாயின் மனம் அப்போது என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. நோயாளி மகனைத் தொட்டிலில் கொண்டுவந்தாள். பிழைத்து வந்த மகனையோ உலகத்துக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். மாசி 20-ல் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போகும் நாம் வெயிலாள் அம்மையையும் ஒரு கணம் நினைக்க வேண்டும்.

பூவண்டன்தோப்புக்கு வந்த அய்யா ஆறு ஆண்டுத் தவசு மேற்கொண்டார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டு தரையில், கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். முதல் தவசு யுகத்துக்காக, இரண்டாவது தாழ்த்தப்பட்ட சாதிகளின் மேன்மைக்காக, மூன்றாவது பெண்களுக்காகவும் முன்னோர்களுக்காகவும் என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள்.

தவசிருக்கும்போதே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. நோயோடு வந்தவர்களுக்கு அய்யா கொடுத்தது தண்ணீரும் மண்ணும்தான். வந்தவன் நெற்றியைத் தொட்டு நாமம் சாத்தினார். இன்றைக்கு நெற்றியில் நாமம் வாங்குவது நமக்குச் சாதாரணம். ஆனால் தன் நிழல் பட்டாலே தீட்டு என்று விரட்டப்பட்ட ஒருவனுக்கு, வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு சாமியின் கை வந்து நெற்றியில் படுகிறது. அவனுக்குச் சுரம் குணமாயிற்றோ இல்லையோ, வேறொன்று அன்றைக்கே குணமாகியிருக்கும். தண்ணீருக்கும் மண்ணுக்கும் காசும் இல்லை. காணிக்கை வேண்டாம், கடவுளுக்குக் கைக்கூலி எதற்கு என்று அய்யா மறுத்தார். பலி கூடாது என்றார். ஆட்டுக்கடா வாங்க வழியுள்ளவனுக்கு ஒரு வரமும் வழியில்லாதவனுக்கு ஒரு வரமும் என்கிற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

முத்திரிக்கிணறும் அய்யா ஏற்படுத்தியதே. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்து, அதையே குடித்து, சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்று தலைமைப்பதிக்குப் போகிறவர்கள் முதலில் அந்தக் கிணற்றடியில் பதமிட்டுக் குளித்துவிட்டுத்தான் பதிக்குள் போகிறோம். அதை வெறும் தீர்த்தமாட்டல் என்று நினைத்துவிடக்கூடாது. பொதுக் கிணற்றில் கயிறு போட்டதற்காக மனிதன் அடிபட்ட நாட்டில், அந்தக் கிணற்று நீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட ஒவ்வொருவனும் ஒரு சட்டத்தை மீறியவன்.

பதினெட்டுச் சாதியும் ஒரே இடத்தில் கூடுகிறது என்ற செய்தி அரண்மனைக்குப் போனது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். மன்னர் சுசீந்திரம் வந்திருந்த சமயத்தில் மேல்சாதியார் போய் முறையிட்டார்கள். பனையேறி ஒருவன் தன்னைச் சாமி என்கிறான், எல்லாரையும் ஒன்றாக்குகிறான், இப்படியே விட்டால் வரி கொடுக்கவும் ஊழியம் செய்யவும் ஆள் இருக்காது என்பது அவர்கள் குறை. அவர்கள் பயந்ததில் ஓர் உண்மை இருந்தது என்றே சொல்ல வேண்டும். கடவுளுக்கு முன்னால் தான் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று ஒருவன் தெரிந்துகொண்டால், கச்சேரியிலும் வயலிலும் அவன் முதுகு பழையபடி வளையாது.

இடையர் குலத்தைச் சேர்ந்த பூவண்டர் மன்னர் முன்னிலையில் அய்யாவுக்காகப் பேசினார், இவருக்குத் தீங்கு செய்ய வேண்டாம் என்று எச்சரித்தார் என்று அகிலம் சொல்கிறது. அரசனிடம் முறையிட்டவர்கள் ஒரு சாதியாரின் கலகம் என்றுதான் காட்டப் பார்த்தார்கள். அய்யாவுக்காக வாய் திறந்தவரோ வேறொரு சாதியார். அந்தச் சொல் ஏறவில்லை. சேவகர்கள் வந்து அய்யாவைக் கட்டி, அடித்து, சுசீந்திரத்துக்கு இழுத்துப் போனார்கள். மன்னர் தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, கையில் இருப்பது என்ன என்று கேட்டுச் சோதித்தார். அய்யா பதில் சொல்லவில்லை. வித்தை காட்ட வந்தவர் இல்லையே அவர்.

பிறகு திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறை. அங்கே நடந்தவற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தது, சுண்ணாம்புக் காளவாயில் இட்டது, மிளகாய் வற்றலைப் புகைத்து மூடியது, பட்டினி போட்ட புலியின் கூண்டில் விட்டது, புலி பணிந்து படுத்தது. திருவிழா மேடைகளில் புலிக்கதை வந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவன். வயது ஏற ஏற, அதே சிறையில் நடந்த வேறொன்றுதான் மனதில் பெரிதாக நிற்கிறது. அதை மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எந்தச் சோதனையாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போனபின், அய்யாவை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு அரசர் வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. இனிமேல் தம் சொந்தச் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும், மற்றச் சாதியாரைச் சேர்க்கக்கூடாது, அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது.

யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது மோசமான பேரம் இல்லை. உயிரோடு வெளியே வரலாம். சொந்த சனத்துக்குச் சாமியாக இருக்கலாம். கிணறு வெட்டிக்கொள்ளலாம், பந்தி போட்டுக்கொள்ளலாம், அரசாங்கம் தலையிடாது. அவருடைய சனம் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தது. அவர்கள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. முதலில் நம் ஆட்களைக் கரையேற்றுவோம், மற்றவர்களைப் பிறகு பார்ப்போம் என்று ஒரு தலைவர் நினைத்தால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். அப்படி நினைத்த பெரிய மனிதர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு.

அய்யா ஒப்பவில்லை. எழுதி நீட்டிய முறியைக் கிழித்துப் போட்டார். சிறைக்கே திரும்பினார்.

அவர் அன்றைக்குக் கையெழுத்து வைத்திருந்தால் நமக்கு ஒரு சாதிக்கோயில் கிடைத்திருக்கும். தமிழ்நாட்டில் சாதிக்கோயிலுக்குப் பஞ்சமா? அதில் இன்னொன்று கூடியிருக்கும். அருள் தம்மைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று ஒப்புக்கொள்வதும், கோயில் தங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று சுசீந்திரத்தில் சொன்னவர்களின் சட்டத்தை ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான் என்று அய்யா கண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதனால்தான் மலைப் பெரியவரின் கேள்விக்கு அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் அய்யாவைச் சிறையில் வைத்திருந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து, தம் நாள் வந்தபோது அய்யா வெளியே வந்தார். மக்கள் அவரை வாகனத்தில் வைத்துத் தோளில் சுமந்து, சாமிதோப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பின் நடந்தவற்றில் துவையல் தவசைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 700 குடும்பங்கள் அய்யாவின் சொல்லைக் கேட்டு வீடுவாசலை விட்டு, கடலோரம் வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் தங்கித் தவசிருந்தன. நாளும் பலமுறை குளித்துத் துணி துவைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்த உணவை ஒரு வேளை மட்டும் உண்பது, மீனும் இறைச்சியும் விலக்குவது என்று கடும் நெறி. உப்புக் காற்றிலும் வெயிலிலும் குழந்தை குட்டிகளோடு அதைத் தாங்கியிருக்கிறார்கள். அழுக்கானவர்கள் என்று சொல்லித்தானே ஒதுக்கினார்கள். அந்தச் சொல்லுக்கு இடமில்லாமல் செய்தார் அய்யா. ஆனால் இதில் ஒரு வரிசை இருக்கிறது, கவனிக்க வேண்டும். துவைத்துச் சுத்தமாகி வாருங்கள், பிறகு நாமம் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நாமமும் தண்ணீரும் முதலிலேயே, வந்தவன் வந்த கோலத்திலேயே கொடுத்தார். துவைக்கச் சொன்னது பிறகு.

ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வணங்க வேண்டும் என்று அய்யா வைத்த முறையும் இப்படித்தான். வேறு சன்னதிகளில் தலைத்துணியை எடுப்பது மரியாதை. இங்கே கட்டுவது மரியாதை. மேலோரைக் கண்டதும் தலைத்துணியை அவிழ்த்துப் பழகிய மக்களுக்குக் கடவுள் முன்னால் அதைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். பெண்கள் மேலாடை அணிய வேண்டும் என்றார். அந்த உரிமையை அரசு ஒப்புக்கொண்டு அறிவித்தது 1859-ல். அதற்கு முன் தோள்சீலைக்காக எத்தனையோ அடிதடியும் தீவைப்பும் நடந்து முடிந்திருந்தன.

ஊர் ஊராகத் தாங்கல்கள் எழுந்தன. விக்கிரகம் இல்லை, கண்ணாடியும் விளக்கும் வைத்த பள்ளியறை. கும்பிடப் போனவன் கண்ணாடியில் தன் முகத்தையே, நெற்றியில் நாமத்தோடும் தலையில் பாகையோடும் பார்த்தான். பல தாங்கல்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே மதம் பரப்பி வந்த லண்டன் மிஷன் ஊழியர்கள், இந்த வழி மக்களிடையே வேகமாகப் பரவுவதைத் தங்கள் அறிக்கைகளில் கவலையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அய்யாவின் ஐந்து சீடர்களில் ஒருவரான அரிகோபாலன் சீடர் ஓலையில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை 1939-ல் அச்சேறியது. அதுவரை ஓலைப்படிகளை வைத்துப் படித்துக் காத்தவர்கள் பெயர் தெரியாத எத்தனையோ பேர்.

கொல்லம் ஆண்டு 1026 வைகாசி 21, அதாவது 1851 ஜூன் 2, திங்கட்கிழமை அய்யா வைகுண்டம் எழுந்தருளினார். உலகக் கணக்கில் வயது 42. திருமேனி அடக்கம் கொண்ட இடத்தின் மேல்தான் தலைமைப்பதி நிற்கிறது. அவர் பிறந்த நாட்டின் அரசுக் கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறக்க, 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாமிதோப்பில் அந்த வாசல் ஒரு நாளும் அடைத்திருக்கவில்லை.

அடைக்கிற வேலையை நாமே செய்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. நன்கொடை பெரிதாகக் கொடுத்தவருக்கு முன்வரிசை, தென்மாவட்டத்துச் சொந்தக்காரருக்கு முதல் பந்தி என்று இங்கேயும் எப்போதாவது தலைகாட்டுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நம் ஆட்கள், நம் ஊர் என்ற பாசத்தில்தான் செய்கிறோம். அய்யாவிடம் எழுதி வாங்கப் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

மலைப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. கேள்வி கேட்டு நின்றவரை எங்கள் வீட்டுப் பெரியம்மா இறங்கிப் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். தண்ணீர் கொடுத்தோம், நெற்றியில் நாமம் இட்டோம். தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னபோது மட்டும் தயங்கினார். சாமி முன்னால் கட்டலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கட்டினார். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இனிமத்தைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு, மலைமேல் தன் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

வருகிற ஞாயிறும் மாலை ஐந்து மணிக்குப் படிப்பு தொடங்கும். அன்னதர்மம் உண்டு. எல்லாரும் வரலாம்.

அய்யா உண்டு.